முப்பத்தைந்து, ஐம்பத்தைந்து, இருபது

டேப்பக்காவின் கார் கத்த ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை காலையில். சாதாரணக் கத்தல் இல்லை. இரும்புப் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் பல் கூசுமே, அந்த ரகம். சிக்னலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஏசியை அணைத்துப் பார்த்தாள். கத்தல் இன்னும் கூடியது. ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தாள், ரேடியோ தோற்றுப்போனது. கடைசியில் ஜன்னலை இறக்கி, பார்த்தவர்களை எல்லாம் இவளும் பதிலுக்குப் பார்த்தாள். யார் வீட்டு வண்டிதான் கத்தாமல் இருக்கிறது?

கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் வந்த பெயர் டேப்பக்கா. தையல் தொழில். வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவர்க் கொக்கிகளில் கை வைக்காத சட்டைகளும் கால் மடிக்காத பேண்ட்டுகளும். தெரியாத விஷயத்தைக்கூடத் தெரிந்த மாதிரியே பேசுவாள். பேசிவிட்டுப் போய் ஓசைப்படாமல் தெரிந்துகொண்டு வந்துவிடுவாள். அதனால் பெரும்பாலும் மாட்டிக்கொண்டதில்லை.

மெக்கானிக்கின் பட்டறை இரண்டு தெரு தள்ளி. அவர் பானெட்டைத் தூக்கி, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் அங்கங்கே ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். டாக்டர் மாதிரியே கெட்ட செய்தியும் சொன்னார்.

"ஏசி கம்ப்ரெசரோட புல்லிக்கா, அந்தப் பெல்ட்டு ஓடுற சக்கரம். உள்ள பேரிங் நொறுங்கிருச்சு. நொறுங்கினது சும்மா போகாம புல்லியோட ஓட்டையையும் தின்னு வச்சிருக்கு. ரெண்டும் மாத்தணும்."

"மாத்துங்க."

"இருங்க. வண்டிக்கு வயசு பதினேழு. இதுக்குச் சாமான் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. இப்படியே ஓட்டினா ஒருநாள் புல்லி இறுகி நின்னு பெல்ட்டு அறுந்துரும். டைனமோ, தண்ணி பம்பு எல்லாத்தையும் அந்த ஒரே பெல்ட்டுதான் சுத்துது. நடுரோட்டுல நிக்க வேண்டியதுதான். அதனால புல்லியக் கழட்டிட்டுச் சின்ன பெல்ட்டா ஒண்ணு போட்டுத் தரேன். வண்டி ஜம்முனு ஓடும், ஏசி மட்டும் இருக்காது. பத்துல ஒம்பது பேரு இப்படித்தான் ஓட்டுறாங்க."

"நான் அந்தப் பத்தாவது ஆளு. திங்கக்கிழமை காலைல எனக்கு ஏசி ஓடணும்."

"ஏன்க்கா, ஜன்னலத் திறந்து வச்சா காத்து வராதா?" என்று கேட்ட பிறகுதான் மெக்கானிக்குக்கு ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டேப்பக்காவின் வீட்டுக்காரர் வெல்டர். பதினான்கு மாதத்துக்கு முன்னால், அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. நெஞ்சு, முதுகு, இரண்டு கை, முகத்தில் பாதி. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய தோலில் வியர்வை வராது என்று டாக்டர் சொன்னபோது, வராவிட்டால் நல்லதுதானே, துவைக்கிற வேலை மிச்சம் என்றுதான் டேப்பக்கா நினைத்தாள். வியர்க்காத உடம்புக்குச் சூட்டை வெளியே தள்ளத் தெரியாது என்பது, போன கோடையில் பேருந்து நிறுத்தத்தில் அவர் நின்ற நிலையில் சரிந்து விழுந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. அன்றிலிருந்து வெயில் காலத்துப் பகலில் அவர் வாசலைத் தாண்டுவதில்லை.

இப்போது அதே தொழிற்சாலை மறுபடி கூப்பிட்டிருக்கிறது. நெருப்புப் பக்கமே போக வேண்டாம். மற்றவர்கள் போட்ட வெல்டைப் படமெடுத்து வைத்துப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்கிற வேலை. அந்த அறை முழுக்கக் குளிர். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், அதுதான் சிக்கல். திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கடிதத்தில் கண்டிருந்தது. கடிதம் நாகரிகமாகத்தான் எழுதப்பட்டிருந்தது. டேப்பக்கா அதை நான்கு முறை படித்து நான்கு முறையும் கோபப்பட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் மேசை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து, விரல்களை மடக்கி நீட்டும் பயிற்சியில் இருந்தார்.

"புல்லியாம். நான் வாங்கிட்டு வந்துருவேன்."

"கிடைக்கலன்னா விட்டுரு. பரவாயில்ல."

"என்ன பரவாயில்ல? கிடைக்கும்."

"பழைய வண்டியாச்சேன்னு சொன்னேன்," என்றவர், எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பதினொன்று, பன்னிரண்டு. அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருப்பார்கள். டேப்பக்காவோ நாளைக்கு எந்தக் கடைக்கு முதலில் போவது என்ற யோசனையில் மூழ்கியிருந்தாள்.

வியாழக்கிழமை ஸ்பேர்ஸ் கடைக்காரர் வண்டியின் பெயர், மாடல், வருஷம் மூன்றையும் கேட்டார். அவள் வண்டிப் புத்தகத்தையே எடுத்து நீட்டினாள். அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, "இருக்கு" என்றார். பார்த்தாயா, குதிரைக்குக் கொம்பு முளைத்துவிட்டது என்று அவள் வெற்றியோடு பட்டறைக்குப் போனாள். மெக்கானிக் மாட்டிப் பார்த்தார். புல்லியின் ஓட்டை சின்னது; கம்ப்ரெசரின் மூக்கில் ஏறவே இல்லை. போதாக்குறைக்குப் பெல்ட்டில் ஆறு வரி, புல்லியில் ஐந்து பள்ளம்.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் சமாதானம் சொன்னார். அந்த வருஷம் இரண்டு விதமாக வந்ததாம். வருஷ ஆரம்பத்து வண்டி வேறு, கடைசியில் வந்த வண்டி வேறு. இன்னொன்றைக் கொடுத்தார். அதில் பள்ளம் ஆறு சரியாக இருந்தது. ஆனால் புல்லி பெரிதாகப் போய்ப் பக்கத்து இரும்பில் இடித்தது. மூன்றாவது முறையும் வந்து நின்ற டேப்பக்காவைப் பார்த்ததும் கடைக்காரருக்கு நெற்றியில் வியர்த்தது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. உங்க வண்டி நெஜமாவே அந்த வண்டிதானா?"

"பின்ன, மாறுவேஷம் போட்டுக்கிட்டா வந்திருக்கு?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவள் விறுவிறுவென்று வெளியே வந்தாள். வாயால் ஜெயித்தாளே தவிர, கை வெறுங்கைதான்.

அன்று மாலை மெக்கானிக் புல்லியைச் செய்தித்தாளில் சுற்றி அவளிடம் கொடுத்தார். வண்டிக்குச் சின்ன பெல்ட்டைப் போட்டிருந்தார். "நாளைக்குத் தங்கச்சி வீடு மாறுறாங்க, சாமான் ஏத்தி இறக்கப் போகணும். செவ்வாய்தான் வருவேன். நான் முன்பக்கம் மட்டும்தான் கழட்டியிருக்கேன், ஏசிக்குள்ள குளிர் கேஸ் வெளிய போகாம அப்படியே இருக்கு. சாமான் கிடைச்சா யார் வேணும்னாலும் மாட்டிரலாம்."

"யார் வேணும்னாலும்னா?"

"வீட்டுலயே அவ்வளவு பெரிய கைக்காரர வச்சுக்கிட்டு என்கிட்ட கேக்குறீங்களே!"

சனிக்கிழமை காலையில் டேப்பக்கா மனசில்லாமல் மெஷினில் உட்கார்ந்தாள். ஒன்பது மணிக்கு, பக்கத்து மருத்துவமனை நர்ஸ் வேலைக்குப் போகிற வேகத்தில் உள்ளே வந்து, ஒரு துணிப் பொட்டலத்தையும் ஒரு பழுப்புச் சீட்டையும் மேசையில் வைத்தாள்.

"அக்கா, பழைய டெய்லர் எழுதின அளவு இது. இதப் பாத்தே கோட்டு தச்சிருங்க. எனக்கு நேரமாச்சு."

"எப்ப எழுதினது?"

"மூணு வருஷம் இருக்கும்."

"மூணு வருஷமா நீ ஒண்ணுமே சாப்பிடலையா? சீட்டப் பாத்துத் தச்சா அந்தச் சீட்டுதான் போட்டுக்கணும். வா, இங்க வந்து நில்லு."

இது அவள் இருபது வருஷமாகச் சொல்லி வருகிற வசனம். பதினாறு சைஸ் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களையும், என் தம்பிக்கும் இதே அளவுதான் என்கிறவர்களையும் அவள் நம்பியதே கிடையாது. ஆள் நிற்க வேண்டும், டேப் பேச வேண்டும். நர்ஸின் தோளில் டேப்பை வைத்து, "பதினஞ்சே..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, ரொம்ப ஏறிட்டேனா?"

"நீ இல்லடி. நான்தான் வடிகட்டின முட்டாள்."

இரண்டு நாளாக அவள் நர்ஸின் சீட்டைப் போலக் காரின் புத்தகத்தைத்தான் கடையில் நீட்டிக்கொண்டிருக்கிறாள். பெயர், மாடல், வருஷம். கழற்றி வைத்த புல்லி செய்தித்தாளுக்குள் கையகலத்தில் கிடக்கிறது. அதன் மேல் ஒரு அளவு வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் சொல்கிற வசனம் தன் காதில் மட்டும் விழவில்லை. மெக்கானிக்குக்கும் தோன்றவில்லை, கடைக்காரருக்கும் தோன்றவில்லை. ஆனால் அவர்கள் தையல்காரர்கள் இல்லையே. நர்ஸின் அளவை அவசரமாக எழுதி அனுப்பிவிட்டுப் புல்லியைப் பிரித்தாள்.

சுற்றளவுக்கு டேப் போதும். பள்ளத்தை எண்ணினாள், ஆறு. பேரிங்கின் மிச்சத்தை அளக்க மட்டும், மில்லிமீட்டர் பிசகாமல் காட்டுகிற வெர்னியர் வேண்டும். வீட்டுக்காரரின் கருவிப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

"என்னங்க, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. இந்தக் குட்டிக் கோடெல்லாம் எனக்குப் புரியாது."

அவர் வெர்னியரைப் பார்த்தார். புல்லியைப் பார்த்தார். அவர் விரல்கள் இன்னும் சரியாக மடங்குவதில்லை. அதனால் அவள் பிடித்துக்கொண்டாள், அவர் குனிந்து படித்தார்.

"கோணலாப் பிடிக்காத. நேரா வை. ம், இப்பச் சரி. உள் விட்டம் முப்பத்தஞ்சு."

"அடுத்து?"

"வெளி விட்டம் அம்பத்தஞ்சு. திருப்பு, அகலத்தப் பாப்போம்... வெளிச்சத்துல காட்டு. இருபது."

"சரியாப் பாத்தீங்களா?"

"அளவு சொன்னா சொன்னதுதான்," என்றார் அவர், கொஞ்சம் சூடாகவே. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் மூன்று எண்ணையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு காரில் ஏறினாள். சின்ன பெல்ட்டில் வண்டி கத்தாமல் ஓடியது. உச்சி வெயில். நாலு ஜன்னலும் திறந்திருந்தும் அனல்தான் உள்ளே வந்தது. முதுகெல்லாம் வியர்த்துக் கொட்டியது. பிறந்ததிலிருந்து முதல் முறையாக அவள் தன் வியர்வையை நன்றியோடு நினைத்தாள். அவர் இந்த இருக்கையில் இப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தாள். அப்புறம் நினைப்பதை நிறுத்திவிட்டு வேகத்தைக் கூட்டினாள்.

பழைய சாமான் விற்கிற சந்தில் வண்டிகள் துண்டு துண்டாகக் கிடந்தன. ஒரு கடையில் கதவுகள் மட்டும், ஒரு கடையில் கண்ணாடிகள் மட்டும். எடைக்காரர் என்று எல்லாரும் கூப்பிடுகிற பருத்த மனிதரின் கடையில் ஏசி சாமான்கள். எதைக் கேட்டாலும் தராசில் போட்டுத்தான் கொடுப்பார் என்பதால் அந்தப் பெயர்.

"என்ன வண்டிம்மா?" என்று ஆரம்பித்தார்.

"வண்டியப் பத்திப் பேச்சே வேணாம். ஆறு பள்ளம். பேரிங் முப்பத்தஞ்சு, அம்பத்தஞ்சு, இருபது. சுற்றளவு இந்த டேப்புல முடிச்சு போட்ட இடம் வரைக்கும்." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வியர்வையில் மை கரைந்திருந்தாலும் எண்கள் மனப்பாடமாகியிருந்தன.

எடைக்காரர் அவளை ஒரு புது மரியாதையோடு பார்த்தார். புல்லியை வாங்கிப் புரட்டினார். "இது கார் சாமானே இல்லம்மா. பழைய டெலிவரி வேனோடது. அந்த வேன் நின்னு போயே பல வருஷமாச்சு. இது எப்படி உங்க காருக்குள்ள வந்துச்சு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? கார் அங்கதான் நிக்குது, நீங்களே கேளுங்க."

அவர் கேட்கத்தான் போனார். பானெட்டைத் தூக்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தலையை உள்ளே விட்டார். கம்ப்ரெசருக்கு அடியில் எண்ணெய்க் கசடு அப்பியிருந்த இடத்தை ஒரு துணியால் அழுத்தித் துடைத்தார். "அதானே பாத்தேன். வேன் கம்ப்ரெசர் கார்ல உக்காராது. யாரோ இரும்புத் தகட்ட வெட்டித் தாங்கி செஞ்சு, வெல்டு வச்சு உக்கார வச்சிருக்காங்க. வந்து பாருங்கம்மா, வேலைய! இதப் போட்டது சாதாரணக் கை இல்ல."

டேப்பக்கா எட்டிப் பார்த்தாள். தாங்கியின் மூலையில் வெல்டு ஒரே சீராக, அலை அலையாக, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி ஓடியிருந்தது. மற்றவர்களுக்குக் கையெழுத்து எப்படியோ அவளுக்கு அது அப்படி. வீட்டுக் கேட்டில் அதுதான் இருக்கிறது. அவள் வெட்டு மேசையின் நாலு காலிலும் அதுதான் இருக்கிறது. பதினெட்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறாள்.

"தெரிஞ்ச ஆளா?" என்று கேட்டார் எடைக்காரர்.

"ரொம்பத் தெரிஞ்ச ஆளு," என்றாள்.

அப்படியானால் வீட்டுக்காரருக்குத் தெரியும். புதன்கிழமையே தெரியும். கார் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஏழு ஊர் சுற்றினாலும் கிடைக்காது என்று தெரிந்துகொண்டே, விரலை மடக்கி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று எனத் தப்பான புல்லியோடு அவள் திரும்பி வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. கோபத்தில் அவளுக்குக் கண்ணைக் கட்டியது. இருந்தாலும் எடைக்காரர் குவியலைக் கிளறி எடுத்து வந்த புல்லியைச் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. முடிச்சு போட்ட டேப்பால் சுற்றிப் பார்த்து, பள்ளத்தை எண்ணி, ஓட்டையில் விரல் விட்டுத் தேய்மானம் இருக்கிறதா என்று தடவிய பிறகுதான் தராசுக்கு அனுப்பினாள். எதிர்வரிசைப் பேரிங் கடையில் மூன்று எண்ணைச் சொன்னதும், ஒரு கேள்வியும் கேட்காமல் புது டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை தயார் செய்தாள். ஒன்றைவிட ஒன்று கூர்மை. உள்ளறைக்குப் போய்ப் புல்லியை அவர் முன்னால் வைத்தபோது ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க அம்மாவுக்கு முடியலன்னு ரெண்டு மாசம் போய் இருந்தேனே. அப்ப வண்டிய என்ன பண்ணினீங்க?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். "கம்ப்ரெசர் போயிருச்சு. ஒரு வேன் கம்ப்ரெசர் கிடைச்சுது. தாங்கி செஞ்சு மாட்டினேன்."

"என்கிட்டச் சொல்லல."

"ஓடுச்சு. ஓடுறதப் பத்தி என்ன சொல்றது?"

"சரி, அப்பச் சொல்லல. இப்ப? மூணு நாளா நாயா அலைஞ்சேனே. அந்தக் கடைக்காரன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா வியாழக்கிழமையே வேலை முடிஞ்சிருக்கும்!"

விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது.

"போகப் பிடிக்கலயா?" என்று கேட்டாள்.

"பயமா இருக்கு," என்றார் அவர். அவ்வளவு நேராக அவர் எதையும் சொல்லி அவள் கேட்டதில்லை. "வெயிலுக்கு இல்ல. அங்க எல்லாரும் என் கையத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க. புதுசா வர்றவங்களக்கூட என் பக்கத்துல நிக்க வச்சு, பாருன்னு சொல்லுவாங்க. இப்ப உள்ள போனா என் மூஞ்சியப் பாப்பாங்க. பாத்துட்டுச் சட்டுனு வேற பக்கம் திரும்பிக்குவாங்க. அத நெனச்சா கால் நகர மாட்டேங்குது."

"இத என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ சரி, வேணாம், வீட்டுலயே இருங்கன்னு சொல்லிருவ. நீ சொல்லிட்டா நான் அதப் பிடிச்சுக்குவேன். அப்புறம் எப்பவுமே போக மாட்டேன். அதனாலதான் பழிய வண்டி மேல போட்டேன். புல்லி கிடைக்கல, போகலன்னு இருந்துரும்."

டேப்பக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் போகவில்லை, ஆனால் அதைக் காட்ட வேறு யாராவது கிடைத்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது. அவர் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு உறைத்தது. சொல்லியிருந்தால் அவள் போக வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்கும் பயம்தான். அவர் பேருந்து நிறுத்தத்தில் விழுந்த சத்தம் இன்னும் அவள் காதிலிருந்து போகவில்லை.

"அப்ப ஏன் காலைல சரியான அளவு சொன்னீங்க? நாப்பது, அறுபதுன்னு வாய்க்கு வந்தத அடிச்சு விட்டிருந்தா எனக்கென்ன தெரியும்?"

அவர் நிஜமாகவே அதிர்ந்துபோய் அவளைப் பார்த்தார். "அளவு கேட்டா எப்படி மாத்திச் சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள், அல்லது அழுதுகொண்டே சிரித்தாள். எது முதலில் என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று நாள் பேசாமல் ஏமாற்றிய மனிதர், ஒரு மில்லிமீட்டரில் மட்டும் ஏமாற்றத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். இப்படிப்பட்டவருக்குத்தான் தேறுமா தேறாதா என்று பார்க்கிற அந்த நாற்காலி என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"இங்க பாருங்க," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "போங்கன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன். வண்டிய மட்டும் தயார் பண்ணி வைப்பேன். அது எனக்குத் தெரியும்."

"உனக்கு அதுவும் தெரியாது."

"நீங்க சொல்லுங்க. தெரிஞ்சுக்கிறேன்."

அவர் புல்லியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "பேரிங்க டப்பாவோட ஃப்ரீசர்ல வை," என்றார். "குளிர்ந்தா மயிரிழை சுருங்கும். காலைல புல்லிய வெயில்ல வச்சு எடுக்கணும், அது மயிரிழை விரியும். அடிச்சு ஏத்தற வேலையே வராது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே அவர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கழுத்தில் ஈரத்துண்டு, பக்கத்தில் நீள வயரில் மேசை விசிறி. டேப்பக்கா வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். சொல்லாததையும் இரண்டொன்று செய்து திட்டு வாங்கினாள். மதில் மேல் அதற்குள் வெயிலில் சூடேறியிருந்த புல்லியைத் துணியில் பிடித்து எடுத்து வந்து, ஐஸ் பூத்த பேரிங்கை அதில் வைத்தாள். ஒரு டொக். அடியே இல்லாமல் உள்ளே இறங்கிப் பொருந்தி உட்கார்ந்துகொண்டது. வெட்டித் தைத்த கை ஒரே தடவையில் தோளில் பொருந்துகிற சுகம் அதில் இருந்தது.

"இப்ப முன் தட்டு. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல அரை மில்லி இருக்கணும். அந்த மெல்லிசுத் தகடு இருக்கே, இலை கேஜ், அத எடுத்து நடுவுல விட்டுப் பாரு. இழுத்தா லேசாத் தடுக்கணும்."

"தடுக்குது."

"எப்படித் தடுக்குது?"

"காலர் துணிக்குள்ள ஊசி போற மாதிரி."

அவர் யோசித்துவிட்டு, "அப்படின்னா சரி," என்றார்.

பழைய நீள பெல்ட்டை மாட்டி, அவள் வண்டியைக் கிளப்பினாள். கத்தல் இல்லை. ஏசியைப் போட்டாள். முன்னால் டக் என்று ஒரு சத்தம். தட்டு ஒட்டிக்கொண்டு சுழன்றது. ஒரு நிமிஷத்தில் குளிர் வந்தது. அவர் மெதுவாக எழுந்து வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். காற்று வருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தார். ஒட்டிய தோலுக்குக் குளிர் அவ்வளவாகத் தெரியாது. குனிந்து, தீப்படாத கன்னத்தை அதில் வைத்தார். அப்படியே வெகு நேரம் இருந்தார். நாளைக்கு வருவாரா மாட்டாரா என்று டேப்பக்கா கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். பொத்தான்களை அவளே போட்டுவிட்டாள். வழியெல்லாம் ஏசி மட்டும் ஒரே சீராகப் பேசிக்கொண்டு வந்தது. தொழிற்சாலைக் கேட்டுக்கு எதிரே அவள் காரை ஓரம் கட்டினாள். காலை ஷிப்ட்டுக்கு ஆட்கள் சைக்கிளிலும் நடந்தும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கவில்லை. கை கதவுக்குப் போய்விட்டு மடிக்குத் திரும்பி வந்தது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். திரும்பிப் போகலாம் என்று அவர் சொன்னால் ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிவிடுவது என்று அவள் தீர்மானித்து, கியரின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அவர் ஏசியை அணைத்தார்.

"எனக்குத்தான் இது. திரும்பிப் போறப்போ நீ ஜன்னலத் திறந்துக்கோ," என்று சொல்லிக் கதவைத் திறந்தார். அனல் உள்ளே வந்தது. அவர் அந்த அனலுக்குள் இறங்கிப் போனார்.

அவள் ஜன்னலை இறக்கினாள். கேட்டில் புதிய காவலாளி. எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்தார். திடுக்கிட்டு, கையிலிருந்த வருகைப் புத்தகத்துக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் பயந்தது அச்சுப் பிசகாமல் அப்படியே நடந்தது. டேப்பக்காவின் கை கதவுக்குப் போய்விட்டது.

"யாரப் பாக்கணும் சார்?" என்றார் காவலாளி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் நின்றார். காவலாளி நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

"யாரையும் பாக்க வரல," என்றார். "வேலைக்கு வந்திருக்கேன்."